டீசல் டேங்க் மூடி வாங்கும்போது பூட்டை மட்டும் பார்க்காதீர்கள்

நாமக்கல் பக்கம் லாரி வைத்துப் பிழைக்கிற நாங்கள் டயர் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குவோம், இன்ஜின் ஆயில் எந்தக் கிரேடு என்று மெக்கானிக்கோடு சண்டை போடுவோம். டீசல் டேங்க் மூடி தொலைந்தாலோ உடைந்தாலோ மட்டும் கிளீனரை ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்பி, பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கி மாட்டிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுகிறோம். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது பூட்டைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் மூடி வாங்கும்போது பூட்டைக் கடைசியாகப் பார்த்தால் போதும். டீசலை வெளியே விடாமல் காற்றை மட்டும் உள்ளே விடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை எங்கள் ஊரில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதியும் வைக்கிறேன்.

காற்று எதற்கு என்று கேட்டால் கணக்கு சுலபம். லோடு ஏற்றிய வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்து மணிக்கு 48 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். இன்ஜினுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் ரிட்டர்ன் டீசலைக் கழித்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் டேங்கை விட்டு நிஜமாகவே போவது 12 லிட்டர். அந்த 12 லிட்டர் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வர வழியில்லை என்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப் இழுக்க இழுக்க டீசல் வர மறுக்கும். அதோடும் நிற்பதில்லை. டேங்கின் ஒரு பக்கத் தகடு 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் என்றால், உள்ளே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அந்தத் தகட்டை வெளியிலிருந்து அழுத்துகிற பாரம் 370 கிலோவை நெருங்கும். டேங்க் உள்பக்கமாக ஒடுங்கியிருந்தால் யாரோ ஃபோர்க்லிஃப்டில் இடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்போம், பாதி நேரம் உண்மையும் அதுதான். ஆனால் கீறலோ பெயின்ட் உரிந்த தடமோ இல்லாமல் தகடு ஒரே சீராகக் குழிந்திருந்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

எங்கள் வண்டி ஒன்று கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றத் தாவணகெரே போய்க்கொண்டிருந்தது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை எவ்வளவு என்பது தெரிந்ததுதானே, கர்நாடகச் சோளம் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். போகிற வழியில் ராத்திரி நிறுத்தின இடத்தில் யாரோ மூடியை நெம்பி எடுத்துவிட்டார்கள். டிரைவர் அண்ணன் விடிந்ததும் பக்கத்துக் கடையில் கிடைத்த பூட்டு மூடியை வாங்கிப் போட்டுக்கொண்டார், வேறு வழியில்லை. லோடு ஏற்றித் திரும்பும்போது சித்ரதுர்காவைத் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது, கியரைக் குறைத்தாலும் ஏறவில்லை. ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் நன்றாகவே போகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கதை. வழியில் ஒரு பட்டறையில் காட்டி டீசல் ஃபில்டரை மாற்றினார். மாற்றிய பிறகும் அப்படியே. மெக்கானிக் ஃபீட் பம்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று சொல்ல, அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

“ஃபில்டர் புதுசுங்க, ஏர் லாக்கும் எடுத்தாச்சு, அப்புறமும் இழுக்க மாட்டேங்குதுங்க” என்றார்.

“அண்ணா, பம்பைத் தொட வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டுங்க, இழுவை குறைஞ்ச உடனே ஓரங்கட்டி இன்ஜின அணைச்சுட்டு டேங்க் மூடியத் திறங்க. சத்தம் வருதான்னு கேளுங்க.”

அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். மூடியைத் திருப்பவே கை வலித்ததாம், திறந்ததும் உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்ததாம். அவ்வளவுதான் விஷயம். மீதித் தூரம் முழுக்க அடிக்கடி ஓரங்கட்டி மூடியைத் திறந்து மூடித்தான் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த மூடியை வீட்டில் இன்னொரு வண்டியின் கம்பெனி மூடியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பெனி மூடியின் உள்பக்கம் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம், அதன் ஓரத்தில் நாலு சின்னத் துளை, துளைக்குள் டார்ச் அடித்தால் மெல்லிய ஸ்பிரிங்கும் அதன் மேல் படுத்திருக்கும் ஒரு தகடும் தெரிந்தன. வழியில் வாங்கிய மூடியில் உள்பக்கம் வழவழவென்று வெறும் தகடு. பளபளப்பு, கனம், பூட்டு எல்லாம் கம்பெனி மூடியை விட நன்றாகவே இருந்தன. துளை மட்டும் இல்லை.

அந்த மூடியைத் தப்பான சாமான் என்று சொல்லிவிட முடியாது. சில டேங்குகளில் காற்றுப் போக மேலே தனியாக ஒரு பிரீதர் குழாய் வைத்திருப்பார்கள், அந்த டேங்குக்குத் துளையில்லாத மூடிதான் சரி. பிரீதர் இல்லாத டேங்குக்கு மூடியில்தான் வழி இருக்க வேண்டும். அதனால் கடைக்குப் போவதற்கு முன் டேங்கின் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள். சப்ளை லைன், ரிட்டர்ன் லைன், ஃப்ளோட் வயர் இவற்றைத் தவிர சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் கிளம்பிச் சேஸிஸ் ஓரமாகப் போய் எதிலும் சேராமல் முடிந்தால் அது பிரீதர். அது இருந்தாலும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குளவி கூடு கட்டுவதற்கு அந்தக் குழாயை விட வசதியான இடம் கிடையாது. மழைக்காலத்தில் சேறு அடைப்பதும் உண்டு.

இதைவிட அதிகம் நடப்பது பெயின்ட். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, முன்னால் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது, டேங்கோடு சேர்த்து மூடிக்கும் ஸ்பிரே போய்விடும். மூடியின் ஓரத்தில் இருக்கும் வெளிப்புறத் துளைகள் குண்டூசி முனை அளவுதான், ஒரு கோட் பெயின்டுக்கே அடைந்துவிடும். எஃப்.சி. முடிந்து வந்த வண்டி முதல் லோடிலேயே இழுக்கவில்லை என்றால் இன்ஜினை விட்டுவிட்டு மூடியை முதலில் பாருங்கள். பெயின்டரிடம் முன்கூட்டியே சொல்லி மூடியைக் கழற்றித் துணியால் கட்டச் சொல்வது இன்னும் நல்லது.

அடைத்த துளையைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் தகடும் ஸ்பிரிங்கும் ரொம்ப மெல்லியவை, வளைந்தால் அதன்பிறகு டீசலைத் தடுக்காது. சுத்தமான டீசலில் ஊறவைத்து, ஏர் பைப்பைத் தள்ளிப் பிடித்து லேசாக ஊதினால் தூசி வந்துவிடும். பெயின்ட் என்றால் வராது, புது மூடிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், திறக்கும்போது லேசாக ஒரு சத்தம் வருவது இயல்பு, ஸ்பிரிங் வால்வு வைத்த மூடியில் கொஞ்சம் அழுத்த வித்தியாசம் எப்போதும் இருக்கும். வெயிலில் நின்ற வண்டியில் காற்று வெளியே வரும், ஓடிய வண்டியில் உள்ளே போகும். மூடியைத் திருப்பவே முடியாமல் இறுக்கிப் பிடித்து, திறந்ததும் நீளமாக இழுத்து, அதன்பிறகு வண்டி பழைய இழுவைக்கு வந்தால்தான் குற்றம் மூடி மேல். மூடியைத் திறந்தும் இழுவை வரவில்லை என்றால் ஃபில்டர், லைன், பம்ப் என்று வழக்கமான வரிசையில் தேடலாம்.

சரி, வாங்குவதைப் பற்றி. பழைய மூடி கையில் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்லி வாங்க வேண்டாம். 60, 80 மில்லிமீட்டர் என்று அளவு சொல்லி மூடிகள் விற்கிறார்கள், ஆனால் அந்த அளவு டேங்க் கழுத்தின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதில் கடைக்குக் கடை பேச்சு மாறும். பழைய மூடி தொலைந்துவிட்டது என்றால் வெர்னியரிலோ, அது இல்லாவிட்டால் ஸ்கேலிலோ கழுத்தின் உள்வாய், வெளிவாய் இரண்டையும் அளந்து, கழுத்தை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மரை வைத்துத் திருகும் ரகமா, இரண்டு காது உள்ளே போய்க் கால் சுற்றில் பிடிக்கும் ரகமா என்பது போட்டோவில் தெரிந்துவிடும். காது ரகத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வாய் அளவு சரியாக இருந்தாலும் காதுக்கும் வாசருக்கும் நடுவில் உள்ள உயரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினால், மூடி உட்காரும், பூட்டும், ஆனால் வாசர் அழுந்தாது. கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அது உங்கள் வண்டிக்கான மூடி இல்லை. ரொம்பப் பலம் போட்டால்தான் பூட்டுகிறது என்றாலும் வேண்டாம், நாளடைவில் கழுத்தின் விளிம்பு தேய்ந்துவிடும், பிறகு எந்த மூடி போட்டாலும் கசியும்.

பிளாஸ்டிக்கா உலோகமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் நல்ல பிளாஸ்டிக் மூடியைக் குறைவாக நினைக்காதீர்கள், துருப்பிடிக்காது, மரையும் கழுத்தைத் தின்னாது. ஆனால் வருஷக்கணக்கில் வெயில் பட்டால் வெளுத்து வெடிப்பு விடும், கைப்பிடி ஓரத்தில் மயிரிழை போல் கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இரும்பில் முலாம் பூசியது பார்க்க ஜோராக இருக்கும், உள்பக்கம் முலாம் உரிய ஆரம்பித்தால் அந்தத் துருப்பொடி நேராக டேங்குக்குள்தான் விழும். நான் அலுமினிய மூடிதான் போடுகிறேன்.

வாசர்தான் மூடியில் பாதி. டீசலுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும், விட்டான் என்கிற ரப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. சைக்கிள் டியூபை வெட்டி வாசர் செய்து போடுவதை இன்றைக்கும் பார்க்கிறேன். அது டீசலைக் குடித்து உப்பி மெத்தென்று ஆகிவிடும், அப்புறம் துண்டு துண்டாகப் பிய்ந்து டேங்குக்குள் போய் உறிஞ்சு குழாயின் வலையில் உட்கார்ந்துகொள்ளும். மாதம் ஒருமுறையாவது மூடியைத் திருப்பி வாசரில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல வாசரில் நகம் பதிந்து மெதுவாக எழும்பும். கண்ணாடி மாதிரி மினுங்கி, நகம் பதியாமல், கழுத்து உட்கார்ந்த இடத்தில் ஆழமாக ஒரு வட்டத் தடம் விழுந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. வாசர் தனியாகக் கிடைத்தால் மூடியை மாற்ற வேண்டியதில்லை.

இப்போதைய வண்டிகளுக்கு இது முன்னைவிட முக்கியம். பழைய பம்ப் வண்டிகள் கொஞ்சம் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல 1,600 மடங்குக்குப் பக்கத்து அழுத்தத்தில் போகிறது, அங்கே டீசல்தான் உயவு எண்ணெயும். அதில் தண்ணீர் கலந்தால் இன்ஜெக்டர் துருப்பிடித்துத் தேய்ந்து, செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் மழையில் இல்லை, வாட்டர் சர்வீஸில்தான். பிரஷர் பைப்பை நேராக மூடியில் அடித்தால் தேய்ந்த வாசரும் காற்றுத் துளையும் தாங்காது. சர்வீஸ் ஸ்டேஷனில் டேங்க் பக்கம் வரும்போது பைப்பைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சர்வீஸ் முடிந்ததும் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கிளாஸில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

கசிவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படுகிற விஷயம் ஒன்று. நம் டேங்கிலிருந்து வளைவில் தெறிக்கும் ஒரு கை டீசல் நமக்கு நஷ்டக் கணக்கில்கூட வராது. பின்னால் வருகிற டூ வீலர்காரருக்கு அது உயிர். தூறல் விழுந்த ரோட்டில் டீசல் படலம் எப்படி வழுக்கும் என்று வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் டேங்கில் உள்ள டீசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்து மூடியில் மோதும். டேங்க் முட்ட நிரப்பிய வண்டியும் வாசர் செத்த மூடியும் சேர்ந்தால் வளைவுக்கு வளைவு ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகும்.

முட்ட நிரப்புவதே தப்பு. டீசல் சூட்டில் விரியும். 400 லிட்டர் டீசல் 15 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 5 லிட்டர் கூடும். விடியற்காலையில் பங்க்கில் கழுத்து வரை ஊற்றிவிட்டு மத்தியான வெயிலில், அதுவும் டேங்க் இருக்கும் பக்கம் சரிவாக நிறுத்தினால், அந்த 5 லிட்டர் எங்கே போகும்? மூடி வழியாகத்தான். காமன் ரெயில் வண்டியில் ரிட்டர்ன் டீசல் வேறு சூடாகவே திரும்பி வரும். நாஸில் தானாக நின்ற இடத்தோடு விட்டுவிடுங்கள், வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் நாலு லிட்டர் ஏற்ற வேண்டாம்.

லாரி ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. மைலேஜ் குறைந்தால் நம் ஆட்களுக்கு முதலில் டிரைவர் மேல்தான் சந்தேகம் வருகிறது, பேட்டாவில் பிடித்தம் கூடச் செய்கிறார்கள். அதற்கு முன் டேங்க் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். தூசி டீசலில் ஊறிக் கறுப்பு மாவு போல அப்பிக்கொண்டு, அங்கிருந்து டேங்கின் பக்கவாட்டில் ஒரு தடம் கீழே இறங்கியிருந்தால் டீசல் போன வழி அதுதான். ஒரு நல்ல டிரைவரைச் சந்தேகப்பட்டு இழந்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

பூட்டுக்கு வருவோம். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவித் துவாரத்துக்கு மேல் தானாக மூடிக்கொள்ளும் சின்னக் கதவு இருக்கும் மூடியாக வாங்குங்கள், இல்லையென்றால் புழுதி ஏறி ஒரு சீசனில் சாவி நுழையாது. கிரீஸ் அடிக்காதீர்கள், மண்ணோடு சேர்ந்து களிம்பாகிவிடும், பென்சில் கரியைப் பொடித்துப் போட்டாலே போதும். இரண்டு டேங்க் வண்டி என்றால் ஒரே சாவியில் திறக்கும் ஜோடியாகக் கேளுங்கள். மூடியோடு வரும் சங்கிலி கழுத்துக்குள் தொங்கும் ரகம் என்றால் அதன் கண்ணிகளை அடிக்கடி இழுத்துப் பார்க்க வேண்டும், அறுந்தால் டேங்குக்குள் விழும்.

ஆனால் திருடுகிறவன் மூடியை மட்டும் நம்பி வருவதில்லை. மூடி திறக்கவில்லை என்றால் அடியில் டீசலை வடிக்கிற டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுவான், இல்லையென்றால் ஹோஸை அறுப்பான், அப்போது போவது முழு டேங்க். கழுத்துக்குள் இறக்கும் வலைக்குழாய் விற்கிறார்கள், டியூப் விட்டு உறிஞ்ச முடியாது, அது நல்ல சாமான். ஆனால் வலை நெருக்கமாக இருந்தால் பங்க்கில் நுரை தள்ளி நாஸில் நின்று நின்று ஊற்றும், வாங்கும்போதே துளை பெரியதாகப் பாருங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பங்க்கில், டேங்க் பக்கம் சுவரை ஒட்டி வருகிற மாதிரி நிறுத்துவதுதான் நான் பார்த்த வரையில் பூட்டை விட நன்றாக வேலை செய்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு மூடியையும் கவனிக்க வேண்டும். நீல மூடி போட்ட டேங்க், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டெஃப் என்கிற திரவத்துக்கு, நம் ஆட்கள் யூரியா டேங்க் என்பார்கள். 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்தமான தண்ணீரும் கலந்தது. அதன் வாய் டீசல் நாஸில் நுழையாத அளவுக்குச் சிறியது, ஆனால் கேன் வைத்துப் புனலில் ஊற்றும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் டீசல் டேங்கில் டெஃப் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். அது டீசலை விடக் கனம், நேராக அடிக்குப் போய் உறிஞ்சு குழாயின் வாயருகே நிற்கும், ஸ்டார்ட் செய்தால் பம்புக்கு முதலில் போவது அதுதான். டேங்கை இறக்கிக் கழுவிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீல மூடி உடைந்தால் அதே கம்பெனி பிளாஸ்டிக் மூடியே வாங்குங்கள், செம்பு, பித்தளை, அலுமினியம் எதையும் டெஃப் அரித்துவிடும். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்த யூரியாதான், சுத்தமான தண்ணீர் விட்டுத் துடைத்தால் போய்விடும். காற்றுத் துளை இருக்கும் இடத்தில் மட்டும் அது கட்டிக்கொள்ள விடாதீர்கள்.

வழியில் மூடி போய்விட்டால் என்ன செய்வது? நாமக்கல்லிலிருந்து கிளம்பும் வண்டி குஜராத் வரை போகிறது, எல்லா இடத்திலும் சரியான மூடி கிடைக்காது. அதனால் ஒத்து வரும் மூடி ஒன்றை வாங்கும்போதே இரண்டாக வாங்கி, ஒன்றைக் கவரில் சுற்றிக் கேபினில் வைத்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் துணியைச் சுருட்டிக் கழுத்துக்குள் திணிக்க வேண்டாம், நூல் நூலாக உள்ளே போகும். கனமான பிளாஸ்டிக் ஷீட்டைக் கழுத்தின் மேல் இழுத்து டியூப் ரப்பரால் கட்டி, ஓரமாக ஊசியில் இரண்டு துளை போட்டு, டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் அடுத்த ஊர் ஸ்பேர்ஸ் கடை வரை மெதுவாகப் போங்கள். மூடி மாட்டியதும் வாட்டர் செபரேட்டரை ஒருமுறை வடித்துவிட்டுக் கிளம்புங்கள்.